சொந்த டொமைனில் மெயில்: வாசகர் கேள்வி பதில்

சொந்தமாக டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் எடுத்து, அதோடு சேர்ந்து வரும் மெயிலை பிரவுசரில் திறக்கும் வெப்மெயிலில் பயன்படுத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் வேறு வேறு கேள்விகள். ஆனால் தன் மெயில் எந்த சர்வரில் இருக்கிறது, அது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரியாமலே பயன்படுத்தி வருவதுதான் இவற்றில் பாதிக்குக் காரணம். எழுதியவர்களில் அநேகம் பேர் ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலைக் குறிப்பிட்டிருந்ததால் அதை வைத்தே பேசுகிறேன். அதே வேலையைச் செய்யும் பிளெஸ்க், டைரக்ட்அட்மின் வைத்திருப்பவர்களுக்குப் பட்டன் இருக்கும் இடம் மாறும், விஷயம் ஒன்றுதான்.

கேள்வி: சிபேனலில் மெயில் முகவரி உருவாக்கிவிட்டேன். வெப்மெயிலில் நுழையப் போனால் லாகின் தவறு என்று வருகிறது. பெயரும் பாஸ்வேர்டும் சரியாகத்தான் போடுகிறேன். இன்னொரு தடவை ஹோஸ்டிங் யூசர்நேமைப் போட்டுப் பார்த்தேன், உள்ளே போனது, ஆனால் இன்பாக்ஸ் காலி. எனக்கு வந்திருக்க வேண்டிய மெயில்கள் எங்கே?

பதில்: மெயில்கள் பத்திரமாக இருக்கின்றன, நீங்கள்தான் வேறு பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள். வெப்மெயிலில் யூசர்நேம் என்று கேட்கும் இடத்தில் @ குறிக்கு முன்னால் இருக்கும் பெயரை மட்டும் போட்டால் ஏற்காது, டொமைன் பெயரோடு முழு முகவரியையும் போட வேண்டும். பாஸ்வேர்டு, அந்தப் பெட்டியை உருவாக்கும்போது கொடுத்தது. சிபேனல் யூசர்நேமைப் போட்டால் உள்ளே போகும் என்பது உண்மைதான், ஆனால் அது ஹோஸ்டிங் கணக்கோடு தானாக வரும் பொதுப் பெட்டி. சர்வர் அனுப்பும் எச்சரிக்கைகள் போன்றவைதான் அங்கே வந்து சேரும்.

நுழைவதற்கு டொமைன் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு வெப்மெயில் என்று அடிக்கலாம், அல்லது டொமைனுக்கு முன்னால் வெப்மெயில் என்று சேர்த்து நடுவில் புள்ளி வைக்கலாம். முதல் வழி கடைசியில் 2096 என்ற போர்ட்டில், அதாவது முகவரியில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணில், போய் நிற்கும். 2095 என்று தெரிந்தால் அது பூட்டு இல்லாத இணைப்பு, அதில் பாஸ்வேர்டு போடாதீர்கள். டொமைன் புதிது, இன்னும் சர்வரைச் சுட்டவில்லை என்றால் ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த சர்வர் பெயரோடு 2096 சேர்த்துப் போய்விடலாம். பாஸ்வேர்டு மறந்திருந்தால் பழையதைப் பார்க்க வழி கிடையாது, சிபேனலில் இமெயில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் அந்த முகவரிக்கு நேராக இருக்கும் மேனேஜ் பட்டனைத் தட்டிப் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகக் கம்ப்யூட்டரில் அவுட்லுக் போட்டுக் கொடுத்தார்கள். அப்போதிலிருந்து வெப்மெயிலைத் திறந்தால் இரண்டு வாரத்துக்கு முந்தைய மெயில் எதுவும் இல்லை. புதியவை மட்டும் தெரிகின்றன. ஹோஸ்டிங்காரர்கள் அழிக்கிறார்களா?

பதில்: இல்லை சார், அழிப்பது உங்கள் அவுட்லுக். இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. அவுட்லுக்கில் கணக்கை, மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் சேர்த்தால், சர்வரில் ஒரு நகலை விட்டுவை, 14 நாள் கழித்து நீக்கிவிடு என்ற தேர்வு நிறையப் பதிப்புகளில் ஏற்கெனவே டிக் ஆகியே இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

பாப்3 வந்த காலத்தில் இணைய இணைப்பு அவ்வப்போதுதான் இருக்கும், சர்வரில் இடமும் குறைவு. மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரைக் காலி செய்வதுதான் அன்றைக்குத் தேவைப்பட்டது. ஐமேப் முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும். போன், லேப்டாப், வெப்மெயில் எல்லாமே அந்த ஒரே பெட்டியை எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள். ஒன்றில் படித்தால் மற்றதிலும் படித்ததாகக் காட்டும், ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். அனுப்பிய மெயில்களும் அப்படித்தான். பாப்3-ல் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியது வெப்மெயிலின் சென்ட் ஃபோல்டரில் வராது, ஐமேப்பில் வரும். இன்றைக்கு ஒருவர் கையில் இரண்டு கருவியாவது இருக்கும்போது பாப்3 வைத்துக்கொள்ள எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

உங்கள் பழைய மெயில்கள் தொலைந்துவிடவில்லை, அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. முதலில் 14 நாள் டிக்கை எடுங்கள். அப்புறம் அவுட்லுக்கின் டேட்டா ஃபைலை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம், ஏனென்றால் இப்போதைக்கு அந்த மெயில்களுக்கு உலகத்தில் வேறு நகலே கிடையாது. பிறகு அதே முகவரியை ஐமேப் கணக்காக இன்னொரு முறை சேர்த்து, பழைய கணக்கில் இருக்கும் மெயில்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐமேப் ஃபோல்டருக்கு இழுத்துப் போடுங்கள். போட்டவை சர்வருக்கு ஏறிவிடும், வெப்மெயிலிலும் தெரியும். எல்லாம் ஏறியதைச் சரிபார்த்த பிறகுதான் பாப்3 கணக்கை நீக்க வேண்டும். ஐமேப்புக்கு போர்ட் 993, அனுப்புவதற்கு எஸ்எம்டிபி 465 அல்லது 587. அனுப்பும் சர்வருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு தேவை என்ற தேர்வையும் போட மறக்காதீர்கள். மெயில் வருகிறது, ஆனால் போக மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு அந்த டிக்தான் விடுபட்டிருக்கும்.

கேள்வி: வெப்சைட்டுக்கு முன்னால் நின்று பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் போட்ட பிறகு போனில் மெயில் நின்றுவிட்டது. வெப்மெயில் மட்டும் வேலை செய்கிறது. எப்படி?

பதில்: கிளவுட்ஃபிளேரின் ஆரஞ்சு மேகம் வெப் போக்குவரத்தை மட்டும்தான் கடத்தும். 2096 அதன் பட்டியலில் இருக்கிறது, அதனால் வெப்மெயில் திறக்கிறது. 993, 465, 587 அதில் இல்லை. டிஎன்எஸ் (டொமைனுக்கு எந்த சர்வர் என்று சொல்லும் பட்டியல்) பக்கத்தில் மெயில் என்ற பெயரில் இருக்கும் ரெக்கார்டுக்கு நேரே உள்ள மேகத்தைத் தட்டி சாம்பல் நிறமாக்குங்கள், போன் மறுபடி இணைந்துவிடும்.

கேள்வி: ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்கள் நினைத்தால் என் மெயிலைப் படிக்க முடியுமா?

பதில்: முடியும். பூட்டுக் குறி காட்டும் பாதுகாப்பு உங்கள் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ள பாதைக்குத்தான். சர்வருக்குள் மெயில்கள் சாதாரண ஃபைல்களாகத்தான் கிடக்கும், சர்வரின் நிர்வாகிக்கு அவற்றைத் திறக்கும் அனுமதி உண்டு. நல்ல கம்பெனிகளில் அதற்கென்று கட்டுப்பாடுகள் இருக்கும், ஆனாலும் அடையாள அட்டை நகல், வங்கி விவரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றைப் பாஸ்வேர்டு போட்ட ஃபைலாக அனுப்பி, பாஸ்வேர்டை மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அனுப்பும் விலைப்பட்டியல், கொட்டேஷன் எல்லாம் வாடிக்கையாளர்களின் ஸ்பாம் ஃபோல்டருக்குப் போகின்றன. ஒவ்வொருவருக்கும் போன் செய்து ஸ்பாமில் பாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் விளம்பரம் எதுவும் அனுப்புவதில்லை. ஏன் இப்படி?

பதில்: தப்பு உங்கள் கடிதத்தில் இருக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் வாசகங்களை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-ல் வகுக்கப்பட்டது. அனுப்புநர் இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்த முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலையில்தான் அது இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னாளில் சேர்க்கப்பட்டவைதான் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும். மூன்றுமே உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் எழுதிவைக்கும் வரிகள். என் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்தும், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியும் டிகேஐஎம். இந்த இரண்டில் ஒன்றாவது, அனுப்புநராகத் தெரியும் டொமைனோடு பொருந்தித் தேற வேண்டும், தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருந்தே ஆக வேண்டும் என்று கூகுள் சொல்லிவிட்டது. ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம்.

உங்களுக்கு எது குறை என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வெப்மெயிலிலிருந்து ஏதாவது ஒரு ஜிமெயில் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி ஷோ ஒரிஜினல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேலே ஒரு சின்ன அட்டவணை வரும். அதன் கடைசியில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று தனித்தனி வரிகள் இருக்கும், பக்கத்தில் பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதியிருக்கும். ஒரு வரியே இல்லை என்றால் அதை இன்னும் யாரும் அமைக்கவில்லை என்று அர்த்தம். சிபேனலில் இமெயில் டெலிவரபிலிட்டி என்ற பக்கத்துக்குப் போனால் ரிப்பேர் என்று ஒரு பட்டன் இருக்கும், எஸ்பிஎஃப்பும் டிகேஐஎம்மும் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் உங்கள் டிஎன்எஸ் அந்த சர்வரிலேயே இருந்தால்தான் அந்த பட்டனுக்கு வேலை. டிஎன்எஸ்ஸை வேறு இடத்தில் வைத்திருந்தால் அங்கே காட்டும் வரிகளைக் காப்பி செய்து அந்த இடத்தில் நீங்களே ஒட்ட வேண்டும். டிகேஐஎம் வரி ரொம்ப நீளம், ஒரு எழுத்து விட்டாலும் தேறாது, அதனால் கையால் அடிக்காதீர்கள்.

எஸ்பிஎஃப்பில் அடிக்கடி பார்க்கும் கோளாறு, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரி இருப்பது. ஹோஸ்டிங்காரர் ஒன்று போட்டிருப்பார், பிறகு நியூஸ்லெட்டர் சேவை ஒன்றில் சேரும்போது அவர்கள் சொன்னதை இன்னொரு வரியாகச் சேர்த்திருப்பீர்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரிக்குள் எல்லாரையும் சேர்த்து எழுத வேண்டும், அதிலும் வேறு டிஎன்எஸ் தேடலைத் தூண்டும் பகுதிகள் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது.

மூன்றும் பாஸ் ஆகியும் ஸ்பாமுக்குப் போகிறது என்றால் சர்வரின் ஐபி முகவரியைப் பாருங்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்களோடு அதே ஐபியிலிருந்து நிறைய டொமைன்கள் மெயில் அனுப்பும், அதில் ஒன்றின் வேர்ட்பிரஸ் ஹேக் ஆகி ஸ்பாம் கொட்ட ஆரம்பித்தால் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப் பட்டியல்களில் அந்த ஐபி ஏறிவிடும், பலன் எல்லோருக்கும். இதை உங்களால் சரிசெய்ய முடியாது, ஹோஸ்டிங் கம்பெனிதான் செய்ய வேண்டும். ஒருமுறை நடந்தால் அவர்களுக்குப் புகார் டிக்கெட் போடுங்கள், திரும்பத் திரும்ப நடந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மெயிலை நம்பித்தான் உங்கள் வருமானம் என்றால், வெப்சைட்டை அங்கேயே வைத்துவிட்டு மெயிலை மட்டும் தனியாக மெயிலுக்கென்றே இருக்கும் சேவைக்கு மாற்றுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. டொமைன் உங்களுடையதாக இருக்கும்வரை முகவரி மாறாது, வாடிக்கையாளர்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

கேள்வி: அப்படி மெயிலை வேறு சேவைக்கு மாற்றினேன். எல்லா மெயிலும் சரியாக வருகின்றன. ஆனால் என் சொந்த வெப்சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து வருவது மட்டும் வருவதே இல்லை!

பதில்: அவை பழைய பெட்டியில் குவிந்துகொண்டிருக்கின்றன, போய்ப் பாருங்கள். வெளியிலிருந்து அனுப்புகிறவர்கள் டிஎன்எஸ்ஸில், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் பார்த்துப் புதிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வெப்சைட் இருக்கும் சர்வரோ, இந்த டொமைனின் மெயில் என்னிடம்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வெளியே கேட்காமல் தன்னுள் இருக்கும் பழைய பெட்டியிலேயே போட்டுவிடுகிறது. சிபேனலில் இமெயில் ரூட்டிங் என்ற பக்கத்தில் லோக்கல் மெயில் எக்ஸ்சேஞ்சர் என்று இருப்பதை ரிமோட் என்று மாற்றினால் போதும். மாற்றுவதற்கு முன்னால் பழைய பெட்டியில் சேர்ந்த விசாரணைகளை எடுத்துக்கொள்ளுங்கள், பாவம், யாராவது பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

படிவத்தைத் தொடும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். படிவத்தை நிரப்புகிறவரின் முகவரியையே அனுப்புநர் முகவரியாகப் போடும்படி பல படிவங்கள் அமைந்திருக்கும். யாஹூ முகவரிக்காரர் நிரப்பினால் உங்கள் சர்வர் யாஹூவின் பெயரில் மெயில் அனுப்பியதாக ஆகிவிடும், யாஹூவின் டிமார்க் அதை நிராகரிக்கச் சொல்லும். அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாக இருக்கட்டும், நிரப்பியவரின் முகவரி ரிப்ளை-டு என்ற இடத்தில் இருக்கட்டும். பதில் பட்டனைத் தட்டினால் அவருக்கே போகும்.

கேள்வி: படிவத்தில் தமிழில் எழுதி அனுப்பினால் எனக்கு ஏதோ ஐரோப்பிய எழுத்துகளாக வருகிறது. வெப்மெயிலில் தமிழ் வராதா?

பதில்: தாராளமாக வரும். சிபேனலின் வெப்மெயிலாக வரும் ரவுண்ட்கியூப், எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியீடும் யூடிஎஃப்-8ல் 3 பைட் எடுக்கும். அனுப்பும் நிரல், இது யூடிஎஃப்-8 என்று மெயிலின் தலைப்பகுதியில் சொல்லாமல் விட்டால், படிக்கும் பக்கம் அந்த 3 பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு சின்னச் சொல்கூட அவ்வளவு நீளமாகத் தெரிகிறது. படிவத்தின் நிரலில் இது யூடிஎஃப்-8 என்று சொல்லும் கேரக்டர் செட் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள், பொருள் வரிக்கும் சேர்த்து.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, டொமைன் மெயில் எல்லாவற்றையும் என் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டால் ஆகாதா?

பதில்: ஆகும், ஆனால் சில மெயில்கள் வராமலே போகும், வரவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எனக்கு இது பிடிக்காது. ஃபார்வர்டு ஆகும் மெயில் ஜிமெயிலுக்குப் போகும்போது அனுப்புவது உங்கள் சர்வர், ஆனால் அனுப்புநர் முகவரி வேறொருவருடையது. எஸ்பிஎஃப் தேறாது. டிகேஐஎம் கையெழுத்து இருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் தடுமாறும். அதோடு உங்களுக்கு வரும் ஸ்பாமையும் சேர்த்து உங்கள் சர்வர் ஜிமெயிலுக்குத் தள்ளுவதால், ஸ்பாம் அனுப்பும் சர்வர் என்ற பெயரும் அதற்கே வருகிறது.

முன்பெல்லாம் ஜிமெயிலே பாப்3 வழியாக உங்கள் பெட்டியிலிருந்து இழுத்துக்கொள்ளும் வசதியைப் பரிந்துரைப்பேன். அதை 2026 ஜனவரி முதல் நிறுத்துவதாக கூகுள் அறிவித்துவிட்டது. இப்போது நல்ல வழி, போனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பிலேயே டொமைன் கணக்கை ஐமேப்பாகச் சேர்த்துக்கொள்வது. ஒரே ஆப்பில் இரண்டு இன்பாக்ஸும் இருக்கும், மெயில் உங்கள் சர்வரில்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: கேட்ச்-ஆல் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் டொமைனில் இல்லாத பெயர்களுக்கு வருவதையெல்லாம் ஒரு பெட்டியில் சேர்ப்பது கேட்ச்-ஆல். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் தோன்றிய பெயரையெல்லாம் போட்டு அனுப்புவார்கள், எல்லாம் அந்தப் பெட்டிக்கு வரும். இல்லாத முகவரி என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடும் தேர்வை வைத்தால், எழுத்துப்பிழையோடு அனுப்பிய உண்மையான வாடிக்கையாளருக்கும் தன் தவறு உடனே தெரியும்.

கேள்வி: பெட்டி நிறைந்துவிட்டது என்று வருகிறது. நிறைய அழித்தும் அளவு குறையவில்லை.

பதில்: ரவுண்ட்கியூபில் அழிப்பவை டிராஷ் ஃபோல்டருக்குப் போய் அங்கேயே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிராஷையும் ஜங்க்கையும் காலி செய்யுங்கள். அப்புறம் சென்ட் ஃபோல்டரைப் பாருங்கள், அங்கேதான் பெரிய இணைப்புகள் தூங்கிக்கொண்டிருக்கும். அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் முதல் பக்கத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். மெயிலில் இணைக்கும் ஃபைல், எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டே போவதால், அதன் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இடம் எடுக்கும். 15 எம்பி படத்தொகுப்பு சர்வரில் 20 எம்பியாக உட்காரும். ஹோஸ்டிங்கில் வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் சேர்த்தே இடம் என்பதால் மெயில் முழுசாக நிறைந்தால் வெப்சைட்டும் தடுமாற ஆரம்பிக்கும். ஃபைல் எண்ணிக்கைக்கும் தனியாக வரம்பு உண்டு, ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். ஆகவே பழைய வருடங்களைத் தண்டர்பேர்டின் லோக்கல் ஃபோல்டருக்கு இறக்கி, இரண்டு டிஸ்க்கில் காப்பி வைத்துவிட்டுப் பிறகு சர்வரிலிருந்து நீக்குங்கள்.

கேள்வி: உங்கள் மெயில் பெட்டி 24 மணி நேரத்தில் மூடப்படும், உறுதி செய்ய இங்கே தட்டவும் என்று ஒரு மெயில். சிபேனல் லோகோவோடு வந்திருக்கிறது. என் முகவரியும் சரியாக இருக்கிறது. தட்டி, பாஸ்வேர்டும் போட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது.

பதில்: பதறாதீர்கள், ஆனால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டை சிபேனலுக்குள் போய் மாற்றிவிட்டு வாருங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கே வைத்திருந்தாலும் அங்கேயும்.

மாற்றிவிட்டீர்களா? அடுத்து, திருடன் விட்டுப்போனவற்றைத் தேட வேண்டும், பலரும் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிபேனலில் ஃபார்வர்டர்ஸ் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதாவது இருக்கிறதா, ஃபில்டர் பகுதியில் விலை, பில், வங்கி போன்ற சொற்கள் வரும் மெயிலை வேறு எங்கோ அனுப்பும் விதி ஏதாவது இருக்கிறதா, ரவுண்ட்கியூப் செட்டிங்ஸில் ஐடென்டிட்டி என்ற இடத்தில் ரிப்ளை-டு முகவரி மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாஸ்வேர்டு மாறினாலும் இவை மூன்றும் அப்படியே இருந்து வேலை செய்துகொண்டிருக்கும். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று வாடிக்கையாளர்களுக்கு மெயில் போவது இப்படித்தான். உங்களோடு பணப் பரிமாற்றம் இருப்பவர்களுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனிமேல் இப்படி ஒன்று வந்தால் லிங்க்கைத் தொடாமல், வழக்கமாகப் போகும் முகவரியை நீங்களே அடித்து வெப்மெயிலுக்குள் போய்ப் பாருங்கள். நிஜமாகவே இடம் இல்லையென்றால் அது உள்ளேயே தெரியும்.

கேள்வி: ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றப் போகிறேன். பல வருட மெயில் இருக்கிறது. எதுவும் போகாமல் எப்படி மாற்றுவது?

பதில்: அவசரப்படாமல் செய்தால் ஒன்றும் போகாது. பழைய கணக்கை ரத்து செய்வது கடைசி வேலையாக இருக்க வேண்டும், இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் புதிய இடத்தில் அதே முகவரிகளை உருவாக்குங்கள், ஒன்று விடாமல். டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல் மதிப்பு (மற்ற சர்வர்கள் அதை எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கும் என்பது) 14400 என்று இருக்கலாம், அதாவது 4 மணி நேரம். அதை மாற்றத்துக்கு முந்தைய நாளே 300 விநாடியாகக் குறைத்துவிட்டால், நீங்கள் மாற்றும்போது மற்ற சர்வர்கள் சீக்கிரம் தெரிந்துகொள்ளும். பிறகு மெயில்களைப் புதிய இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். தண்டர்பேர்டில் இரண்டு கணக்கையும் ஐமேப்பாகச் சேர்த்து ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போடலாம், பெட்டி பெரிதாக இருந்தால் ஐமேப்சிங்க் என்ற கருவி இன்னும் நம்பகமானது. புதிய ஹோஸ்டிங்காரரே அதை ஓட்டிக் கொடுப்பதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். அப்புறம் எம்எக்ஸை மாற்றுங்கள், எஸ்பிஎஃப், டிகேஐஎம் வரிகளையும் புதிய சர்வருக்கு ஏற்ப மாற்றுங்கள். மாற்றிய பிறகும் சில மெயில்கள் கொஞ்ச நேரம் பழைய இடத்துக்கே போய்ச் சேரும், ஆகவே ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை காப்பி ஓட்ட வேண்டும். பழைய வெப்மெயிலுக்குள் போக, டொமைன் பெயரைப் பயன்படுத்த முடியாது, அது இப்போது புதிய இடத்துக்குப் போகும். பழைய சர்வரின் சொந்தப் பெயரை முன்கூட்டியே குறித்து வைத்திருங்கள்.

ஐமேப் வழியாகக் காப்பி செய்தால் மெயில் மட்டும்தான் போகும் என்பதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ரவுண்ட்கியூபில் நீங்கள் சேர்த்த தொடர்பு முகவரிகள், கையொப்பம் எல்லாம் தனி டேட்டாபேஸில் இருக்கும், ஃபில்டர்களும் ஃபார்வர்டர்களும் சிபேனலில் இருக்கும். தொடர்புகளை எக்ஸ்போர்ட் பட்டனைத் தட்டி வீகார்டு ஃபைலாக இறக்கிக்கொள்ளுங்கள், மற்றவற்றைப் பார்த்து எழுதி வைத்துப் புதிய இடத்தில் மறுபடி போடுங்கள். இரண்டு பக்கமும் சிபேனல்தான், முழுக் கணக்கையும் ஹோஸ்டிங்காரரே பேக்கப்பாக எடுத்து மாற்றித் தருகிறார் என்றால் இந்த வேலை மிச்சம்.

கேள்வி: வெப்சைட் செய்து கொடுத்த தம்பிதான் டொமைனையும் வாங்கிக் கொடுத்தார். இப்போது போனை எடுப்பதில்லை. டொமைன் எப்போது முடிகிறது என்றுகூடத் தெரியவில்லை. மெயிலுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: இன்றைக்கு வந்த கேள்விகளில் மிக அவசரமானது இதுதான். வெப்மெயில், சர்வர், பாஸ்வேர்டு எல்லாம் சரியாக இருந்தாலும் டொமைன் முடிந்துவிட்டால் முகவரியே இல்லை. டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பின் லுக்கப் பக்கத்துக்குப் போய் உங்கள் டொமைன் பெயரைப் போடுங்கள், எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிவு செய்து தரும் கம்பெனி) இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது இரண்டும் வந்துவிடும், உரிமையாளர் பெயர் மறைத்திருந்தாலும். டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு, முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகேன் விதி, ஆனால் அந்த மெயில்கள் பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். உங்கள் விஷயத்தில் அது அந்தத் தம்பியின் முகவரி. முடிந்த பிறகு 45 நாள் வரை ரெஜிஸ்ட்ரார் வைத்திருக்கலாம், எவ்வளவு நாள் என்பது அவரவர் விருப்பம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கடைசி 5 நாள் யாராலும் எதுவும் செய்ய முடியாது, அப்புறம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாடுகளின் பெயரில் உள்ள டொமைன்களுக்கு விதிகள் வேறு.

அப்படி வாங்குகிறவர் உங்கள் பழைய முகவரியை மறுபடி உருவாக்கிக்கொண்டால், உங்களுக்கு வர வேண்டிய மெயில் அவருக்கு வரும். அந்த முகவரியை வைத்து நீங்கள் எங்கெல்லாம் கணக்கு திறந்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தட்டினால் புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க்கும் அவருக்கே போகும்.

ஆகவே அந்தத் தம்பியை எப்படியாவது பிடியுங்கள், தெரிந்தவர்கள் மூலம், நேரில், எப்படியானாலும். சண்டை வேண்டாம், அவரிடம் கேட்க வேண்டியது இரண்டே விஷயம்: டொமைனின் லாக்கை எடுத்துவிடுவது, ஆத் கோடு என்ற மாற்றக் குறியீட்டைக் கொடுப்பது. அவை கிடைத்தால் உங்கள் பெயரில் ஒரு ரெஜிஸ்ட்ரார் கணக்கு திறந்து அங்கே மாற்றிக்கொள்ளலாம், பெரும்பாலும் ஒரு வருடம் நீட்டிப்பும் அதோடு சேர்ந்தே வரும். பதிவு செய்து 60 நாள் ஆகாத டொமைன் என்றால் மாற்ற முடியாது, உங்களுடையது அதைத் தாண்டியிருக்கும். அவர் கிடைக்கவே இல்லை என்றால் ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள், பணம் கொடுத்த ரசீது, தொழில் பதிவு, அந்தத் தம்பியோடு நடந்த மெயில் என்று கையில் இருக்கும் எல்லாவற்றையும் இணைத்து. நேரம் எடுக்கும், அதனால்தான் தேதி முடிவதற்கு முன்னால் தொடங்கச் சொல்கிறேன். நிறைய ரெஜிஸ்ட்ரார்கள் உரிமையாளர் யாரென்று பார்க்காமலே யார் பணம் கட்டினாலும் நீட்டித்துக்கொடுப்பார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள், ஒரு வருட அவகாசமாவது கிடைக்கும்.

டொமைன் உங்கள் கைக்கு வந்ததும், ரெஜிஸ்ட்ரார் கணக்கில் தொடர்பு மெயிலாக அதே டொமைனின் முகவரியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். டொமைன் நின்ற அன்றைக்கு அந்தப் பெட்டியும் நின்றுவிடும், எச்சரிக்கை மெயிலும் வராது, பாஸ்வேர்டை மீட்கவும் முடியாது. அதற்கு ஒரு ஜிமெயில் முகவரியும் உங்கள் போன் எண்ணும் கொடுங்கள், தானாகப் புதுப்பிக்கும் தேர்வைப் போடுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் அங்கேயே இயக்கிவிடுங்கள்.